கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வீடு வாங்கலாமா?

வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலை மாற்றலாகி, ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் மயர்ஸ் பக்கம் குடும்பத்தோடு வருகிறாராம். பின்பக்கம் கோல்ஃப் புல்வெளியும் குளமும் தெரிகிற வீடு, விலையும் கட்டுப்படியாகிறது, வாங்கலாமா என்கிறார்.

தம்பி, அந்த விலைதான் எனக்கு இடிக்கிறது. அந்தப் பக்கத்துக் கோல்ஃப் குடியிருப்புகள் பலவற்றில் வீட்டோடு கிளப் மெம்பர்ஷிப்பும் ஒட்டிக்கொண்டு வரும். மட்டையைத் தொடாதவரும் வருடா வருடம் சந்தா கட்டியாக வேண்டும். வீட்டை விற்றால்தான் விடுதலை. சில இடங்களில் சேரும்போதே பெரிய தொகை ஒன்று வாங்குவார்கள், அது திரும்பாது. கிளப் உணவகத்தில் வருடத்துக்கு இவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற கணக்கும் உண்டு. சாப்பிடாவிட்டாலும் பணம் போகும். சைவக்காரர் வீட்டில் அது பெரும்பாலும் உருளைக்கிழங்கு வறுவலாகத்தான் கழியும்! குடியிருப்போர் சங்கக் கட்டணம் தனி. புதிய குடியிருப்பு என்றால், சாலையும் வடிகாலும் போட்ட கடனுக்காகச் சொத்து வரி பில்லில் சி.டி.டி. என்று இன்னொன்று இருக்கலாம். கிளப் கட்டடத்தைப் புதுப்பிக்க முடிவெடுத்தால் எல்லோர் தலையிலும் சிறப்பு வசூல் விழும். மெம்பர்ஷிப் கட்டாயமா, விருப்பமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாய்ச்சொல் போதாது.

சரி, அந்தப் புல்வெளி? நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப் கோல்ஃப் திடலை நாம் வெளியிலிருந்தே பார்த்துப் போகிறோமே, அது மாதிரிதான். இங்கே மதில் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா காலையில் அந்தப் புல்வெளிப் பாதையில் நடக்க முடியாது, பிள்ளைகள் கிரிக்கெட் ஆட முடியாது. விடியும் முன்பே புல் வெட்டும் இயந்திரம் வந்துவிடும். பந்து பட்டு ஜன்னல் உடைந்தால் பெரும்பாலும் செலவு நம்முடையது.

குளத்தைப் பற்றி வேளச்சேரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைநீர் போய்ச் சேர வெட்டியதுதான் அதுவும். முதலை இருக்கும், சின்னக் குழந்தையைத் தனியே விடாதீர்கள். வழக்கமான வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் அடங்காது. தனியாக எடுக்க வேண்டும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுக்காவிட்டால் அரசுத் திட்டத்தில் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். 2022 செப்டம்பரில் இயன் புயல் அடித்துத் துவைத்த பகுதி அது. புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

ஆடுகிற ஆசை நிஜமாகவே இருந்தால் கதை வேறு. குளிருக்கு ஒதுங்க இங்கே வந்த வடக்கத்தி அமெரிக்கர்கள் வெயில் காலத்தில் ஊர் திரும்பியதும் மைதானம் காலியாகக் கிடக்கும். மதிய இடிமழைக்கு முன்னால், காலையிலேயே ஆடி முடித்துவிடலாம்.

எதற்கும் முதல் வருடம் அதே குடியிருப்பில் வாடகைக்கு இருந்து பாருங்கள். சில இடங்களில் வீட்டுச் சொந்தக்காரர் தன் ஆடும் உரிமையைக் குடித்தனக்காரருக்கு மாற்றித் தரலாம். அதற்கும் ஒரு கட்டணம் போடுவார்கள், ஒப்பந்தம் எழுதும்போதே அதை யார் கட்டுவது என்று பேசிவிடுங்கள்.