ரூட்டரே அனுப்பும் பாக்கெட்டுகளுக்குத் தனிப் பாலிசி வேண்டும்

வணக்கம். காரைக்குடிக் கடையின் கணினிகள் இரண்டாவது இன்டர்நெட் லைனில் சரியாகச் செல்கின்றன, தேவகோட்டைக் கிளைக்கு ரூட்டர் தொடங்கும் விபிஎன் (இன்டர்நெட் வழியான பாதுகாப்பான தனி இணைப்பு) மட்டும் முதல் லைனிலேயே போகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். லேன் இன்டர்ஃபேஸில் (கடைக் கணினிகள் ரூட்டரோடு இணையும் பக்கம்) நீங்கள் இட்ட பாலிசி, அதாவது எந்தப் பாக்கெட் எந்த லைனில் போக வேண்டும் என்ற விதி, அந்த இன்டர்ஃபேஸ் வழியே உள்ளே நுழையும் பாக்கெட்டுகளை மட்டுமே பார்க்கும். ரூட்டர் தானே உருவாக்கும் பிங் (இணைப்புச் சோதனை), என்டிபி (கடிகார நேரம் சரிசெய்வது), விபிஎன் பாக்கெட்டுகள் அப்படி நுழைவதில்லை என்பதால், அவை வழக்கமான ரூட்டிங் டேபிளின்படியே (ரூட்டரின் பொதுவான வழிப் பட்டியல்) வெளியேறுகின்றன.

உங்கள் சிஸ்கோ ரூட்டரில், குளோபல் நிலையில் (எந்த இன்டர்ஃபேஸுக்கும் உள்ளே போகாமல்) ‘ஐபி லோக்கல் பாலிசி ரூட்-மேப்’ கட்டளையை இட்டு, அந்த ரூட்-மேப்பின் (வழி விதித் தொகுப்பு) ஆக்சஸ் லிஸ்ட்டில் (எந்தப் பாக்கெட்டுகளுக்குப் பொருந்தும் என்ற பட்டியல்) இரண்டாவது லைனின் ஐபி முகவரியை மட்டும் சோர்ஸாக (அனுப்புநர் முகவரியாக) கொடுத்து, நெக்ஸ்ட் ஹாப்பாக (பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய இடமாக) அந்த லைனின் கேட்வேயை, அதாவது அதன் மறுமுனை ரூட்டரின் முகவரியை, குறிப்பிடுங்கள். விபிஎன்னின் சோர்ஸும் அதே முகவரியாக இருக்க வேண்டும். ஆக்சஸ் லிஸ்ட்டின் சோர்ஸில் ‘எனி’ (எந்த முகவரியானாலும்) என்று எழுதிவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படி எழுதி, ரிமோட் இணைப்பு அறுந்து, ரூட்டரில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு, அது இருந்த பள்ளத்தூருக்குப் பஸ் ஏறினேன். கட்டளைகளை இட்ட பிறகு, இரண்டாவது லைனின் முகவரியிலிருந்தே பிங் செய்து, ரூட்-மேப்பின் மேட்ச் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.