டைமண்ட் கட் அலாய் வீலில் வெள்ளைக் கோடுகள்

உங்கள் டைமண்ட் கட் அலாய் வீலில், அதாவது முகப்பை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடைந்து பளபளப்பாக்கிய அலுமினியக் கலவைச் சக்கரத்தில், வெள்ளைக் கோடுகள் தோன்றியிருப்பதாகவும், மேலே இன்னொரு பூச்சு அடித்தால் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். லேக்கருக்கு (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சுக்கு) அடியில் புழுப்போல ஊர்ந்திருக்கும் அந்த வெள்ளைக் கோடுகள், மேலே இன்னொரு பூச்சு லேக்கர் அடிப்பதால் மறையா. பழைய பூச்சை முழுவதும் நீக்கி, முகப்பை லேத்தில் மெல்லியதாகக் கடைந்த பிறகே மறுபடி பூச வேண்டும்.

நடைபாதை விளிம்பில் உரசியதாக நீங்கள் எழுதியிருக்கும் கீறல் வழியாகவே ஈரமும் உப்பும் புகுந்து அலுமினியத்தை அரித்திருக்கக்கூடும்.

டயரைக் கழற்றச் சொல்லி, அது அமரும் உள்விளிம்பிலும் வெண்பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரில் காற்று மெதுவாக இறங்கினால், அதற்கும் அந்த அரிப்பே காரணமாகலாம்.

கடையும் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் இதைப் பலமுறை செய்ய இயலாது. ஏற்கெனவே இப்படி மறுபடி கடைந்த சக்கரமென்றால் முழுவதற்கும் பவுடர் கோட்டிங் (வண்ணத்தூளைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) செய்வதே நல்லது என்பேன். விரிசல் தென்பட்டால், எவ்வளவு அழகாகப் பூசித் தருவதாகச் சொன்னாலும், தயவுசெய்து சக்கரத்தையே மாற்றிவிடுங்கள்.