ஃபுட்பால் மேனேஜரில் ஐந்து நட்சத்திரப் பையன் ஏன் வளர மாட்டேன் என்கிறான்?

கேள்வி: ஃபுட்பால் மேனேஜர் கணினி விளையாட்டில் ஐந்து நட்சத்திரம் காட்டும் இளம் ஆட்டக்காரர்களாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பாதிப் பேர் வளர்வதே இல்லை. நல்ல பையனை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி? மறைவான எண்களைக் காட்டும் எடிட்டரைத் திறந்து பார்ப்பதுதான் ஒரே வழியா?

பதில்:

தம்பி, முதலில் அந்த நட்சத்திரத்தை நம்புவதை விடுங்கள். அது உங்கள் அணியை அளவுகோலாக வைத்துப் போடுகிற கணக்கு. இங்கிலாந்தின் நான்காம் பிரிவுக் கிளப்பில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் ஐந்து நட்சத்திரமாகத் தெரிகிறவன், ரியல் மாட்ரிட் பயிற்றுநர் கண்ணுக்கு அரை நட்சத்திரமாகக்கூடத் தெரிய மாட்டான். அதோடு அது உண்மையும் இல்லை, உங்கள் ஸ்கவுட்டின், அதாவது ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்த்து எடைபோடும் ஆளின், கருத்து. அந்த ஸ்கவுட்டுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு, இன்றைய திறமையை எடைபோடுவதற்கு ஒன்று, நாளைய திறமையை எடைபோடுவதற்கு இன்னொன்று. இரண்டாவதில் 8 வைத்திருக்கிற ஆளை பிரேசிலுக்கு அனுப்பிவிட்டு அவன் எழுதிக் கொடுத்ததை வேதமாக எடுத்துக்கொண்டால் காசுதான் போகும். ஆட்டக்காரர் வாங்குவதற்கு முன்னால் ஸ்கவுட்டை மாற்றுங்கள். சம்பளம் குறைவு, பலன் அதிகம், ஆனால் பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை.

அடியில் என்ன நடக்கிறது என்றால், ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் இரண்டு மறைவான எண்கள் இருக்கின்றன. ஒன்று இப்போதைய திறன், மற்றொன்று அவன் தொடக்கூடிய உச்சம். உச்சத்தின் எல்லை 200. உண்மையான இளையவர்கள் சிலருக்கு நேரடி எண் கொடுக்காமல் மைனஸ் எண் கொடுத்திருப்பார்கள். -9 என்றால் உச்சம் 150-க்கும் 180-க்கும் இடையில் எங்கோ, -10 என்றால் 170-க்கும் 200-க்கும் இடையில், புது ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது குலுக்கிப் போடப்படும். அதனால்தான் இணையத்தில் சுற்றும் 'அதிசயப் பையன்கள்' பட்டியலைப் பார்த்து நீங்கள் வாங்கிய பையன் உங்கள் ஆட்டத்தில் சுமாராக நிற்கிறான். நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த எண் வெறும் கூரை. 175 உச்சம் உள்ளவன் 120-லேயே நின்றுவிட்டு முப்பது வயதில் ஓய்வுக்குத் தயாராகலாம், விளையாட்டு அதைத் தடுக்காது. நீங்கள் கூரையைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறீர்கள். ஏறுவானா என்று பார்ப்பதில்லை.

ஏறுவானா என்பதைச் சொல்வது குணம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம். சுற்றிலும் செம்பனை, முன்பு பால்மரம். தோட்டத்தில் இப்போது குடும்பங்கள் குறைவு, நிறையப் பேர் பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, வந்துவிட்டார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை பழைய தோட்டத் திடலில் எழுவர் காற்பந்து நடக்கும். அங்கே பையன்களைத் தேர்வு செய்கிற மாமா ஒருவர் இருக்கிறார், தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஆட்டம் நடக்கும்போது பெரும்பாலும் தேநீர் குடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். மழை வந்து ஆட்டம் நின்று, அப்புறம் விட்டதும் யார் முதலில் திடலுக்குத் திரும்பி வருகிறான், மாற்றி வெளியே கூப்பிட்டால் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், இதைத்தான் பார்ப்பார். "கால்ல வித்தை இருக்கிறவன் ஊருக்கு ஊரு இருக்கான்டா, அடுத்த வாரமும் வருவானான்னு சொல்லு" என்பார்.

விளையாட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. விடாமுயற்சி எண் வெளியில் தெரியும், டிட்டர்மினேஷன் என்று இருக்கும். தொழில் ஒழுக்கம், லட்சியம், அழுத்தத்தைத் தாங்குவது, ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே மாதிரி ஆடுவது, அடிக்கடி காயம்படுவது எல்லாம் மறைவு. இவற்றில் தொழில் ஒழுக்கம்தான் பயிற்சியில் வளர்வதை அதிகம் இழுக்கிறது. எண்ணாகப் பார்க்க முடியாது, ஆனால் ஆட்டக்காரனின் பக்கத்தில் குணத்துக்கு ஒரு சொல் போட்டிருப்பார்கள், அதிலிருந்து ஊகிக்கலாம். மாடல் சிட்டிசன், மாடல் புரொஃபஷனல், ரிசொலூட், டிரிவன், புரொஃபஷனல் என்று இருந்தால் விலை கொஞ்சம் கூடினாலும் வாங்குங்கள். ஸ்லாக், கேஷுவல், அன்ஆம்பிஷஸ் என்று இருந்தால் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் நான் தொடமாட்டேன். நடுவில் பேலன்ஸ்டு என்று ஒன்று வரும், அது நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, அதற்கு ஸ்கவுட் அறிக்கையில் வரும் நிறை குறைகளைப் படிக்க வேண்டும். 'பெரிய ஆட்டங்களில் சோபிப்பதில்லை' என்கிற மாதிரி ஒரு வரி அங்கேதான் ஒளிந்திருக்கும், நாம் நட்சத்திரத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அதைப் படிப்பதில்லை.

சரி, குணம் நன்றாக இருக்கிறது. அடுத்து உடம்பு. வேகமும் முடுக்கமும் 17, 18 வயதிலேயே ஓரளவு இருந்தாக வேண்டும். முடிவெடுப்பது, இடம் பிடிப்பது, முன்கூட்டியே ஊகிப்பது மாதிரியான மூளை வேலைகள் வயது ஏற ஏறத் தானாக வரும், முப்பதுக்கு மேலும் வளரும். வேகம் அப்படி வராது. 17 வயதில் முடிவெடுப்பதில் 8 வைத்திருக்கிற வேகமான விங்கர் (ஓரத்தில் ஆடுகிறவன்) எனக்குச் சம்மதம், 17 வயதில் எல்லாம் தெரிந்த மெதுவான விங்கர் வேண்டாம். இன்னொரு நுணுக்கம், இரண்டு காலிலும் நன்றாக ஆடுவதும் திறன் கணக்கில் இடத்தைச் சாப்பிடும். ஒரே திறன் எண் உள்ள இரண்டு பேரில் இடதுகால் மட்டும் தெரிந்தவனுக்கு மற்ற எண்கள் உயரமாக இருக்கும். விடாமுயற்சி எண் அப்படி எதையும் சாப்பிடாது, அது இலவசம். இலவசமாகக் கிடைப்பதை ஏன் விட வேண்டும்?

கோல்காவலருக்கு மட்டும் வேறு கணக்கு, அவர்கள் தாமதமாகத்தான் முற்றுவார்கள். 23 வயதுக் கோல்காவலர் இன்னும் சரியாக வரவில்லையே என்று விற்றுவிடாதீர்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் மலேசியாவின் அந்தக் காலக் கோல்காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தில் ஆரம்பித்து, 1980 ஒலிம்பிக்குத் தகுதி பெற்றும் மலேசியா போகாமல் விட்ட கதையில்தான் முடிப்பார்கள், அதனால் நான் எடுப்பதில்லை.

எங்கே தேடுவது? காசு இல்லாத கிளப் என்றால் உலகம் முழுக்க ஸ்கவுட் அனுப்ப முடியாது. நான் செய்வது இதுதான்: ஸ்கவுட்டுகளை வேறு வேறு நாட்டுக்காரர்களாகப் பார்த்து எடுப்பேன், ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் நாட்டைப் பற்றிய அறிவைக் கையோடு கொண்டுவருகிறார், அந்த நாட்டு ஆட்டக்காரர்கள் தேடலில் தானாகத் தெரிய ஆரம்பிப்பார்கள். அப்புறம் நாடுகளின் 20 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் அணிகளைத் திறந்து, அதில் சின்ன கிளப்பில் ஆடுகிறவனாகப் பார்ப்பேன். அந்த நாட்டுப் பயிற்றுநர் ஏற்கெனவே சலித்து வைத்திருக்கிறார், நமக்கு வேலை மிச்சம். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருப்பவர்களையும், இப்போதுதான் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய கிளப்புகளையும் தவறாமல் பார்க்கலாம். எண்களுக்குப் பதிலாக 9-15 என்று வீச்சாகக் காட்டினால் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம், இன்னும் சில ஆட்டம் பார்க்கச் சொல்லிவிட்டுப் பொறுத்திருங்கள். வயதையும் பாருங்கள். ஃபிஃபா விதிப்படி 18 வயது ஆகாதவரை வெளிநாட்டுக்கு மாற்றுவது பொதுவாகத் தடை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலிருந்து விலக்கு உண்டு. பிரிட்டன் வெளியேறிய பிறகு இங்கிலாந்து கிளப்புகளுக்கு அந்தச் சலுகையும் இல்லை, 18 ஆனாலும் பொதுவாக வேலை அனுமதிக்கான புள்ளிகள் சேர வேண்டும்.

இந்தத் தரவு எல்லாம் வானத்திலிருந்து விழவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தந்த நாட்டில், அந்தந்த கிளப்பைப் பார்க்கிற மனிதர்கள் உட்கார்ந்து போட்ட எண்கள். இந்த விளையாட்டுக்கு முன்னோடியான பழைய சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02-இல் போர்ச்சுகலின் கௌவெயா என்ற குட்டிக் கிளப்பில் டோ மடேரா என்று ஒரு முன்கள ஆட்டக்காரர் இருந்தார், கோலாகப் போட்டுத் தள்ளுவார், நிஜத்தில் அப்படி ஓர் ஆட்டக்காரரே கிடையாது, தரவு சேகரித்தவர் தானே நுழைத்துவிட்ட ஆள். அதே பதிப்பில் மில்வால் கிளப்பின் செர்னோ சம்பா உண்மையான பையன், விளையாட்டில் உலக நட்சத்திரம், நிஜ வாழ்க்கையில் அந்த உயரத்துக்கு வரவில்லை. எங்கள் திடலில் ஆடுகிற பையன்கள் எவனும் எந்தத் தரவிலும் இல்லை, அவர்களைப் பார்த்து எண் போட யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை.

வாங்கிய பிறகு பாதி வேலை மிச்சம் இருக்கிறது. உங்கள் பையன்கள் வளராததற்கு, என் ஊகம், இதுதான் பெரிய காரணம். 18 வயது வரை பயிற்சி வசதியும் பயிற்றுநரும் போதும். அதற்கு மேல் ஆட்டம் வேண்டும், இருப்பு வரிசையில் உட்காரவைத்தால் அப்படியே நின்றுவிடுவான். முதல் அணியில் இடம் இல்லையென்றால் இரவலாக அனுப்புங்கள், ஆனால் அனுப்பும் கிளப்பில் அவனுக்கு என்ன இடம் என்று பேசிவிட்டு அனுப்புங்கள். முக்கிய ஆட்டக்காரர் என்று ஒப்புக்கொண்டால்தான் சரி. குணம் சுமாரான பையனை, அணியில் மரியாதை உள்ள ஒழுக்கமான மூத்தவர்களோடு மென்டரிங் குழுவில் போடலாம். மெதுவாக மாறுவான். ஆனால் குழுவில் உள்ள மூத்தவரே சோம்பேறி என்றால் பையனும் அதைத்தான் படிப்பான். உங்கள் சொந்த அகாடமியிலிருந்து வரும் பையன்களின் குணம் வேண்டுமென்றால், இளையோர் வளர்ச்சித் தலைவராக யாரை வைக்கிறீர்கள் என்று பாருங்கள். அவருடைய குணம் வருடா வருடம் வரும் பிள்ளைகளிடம் தெரியும்.

மலேசிய லீக்கில் ஆடிப்பார்க்க ஆசைப்பட்டால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வளர்த்த நல்ல பையனை, 2014 முதல் லீக்கை விடாமல் வென்றுவரும் ஜொகூர் டாருல் தாக்சிம் கிளப் வந்து கேட்கும். பையனும் போகத் துடிப்பான். தடுக்காதீர்கள், அடுத்த விற்பனையில் பங்கு என்ற நிபந்தனையை மட்டும் சேர்த்துக்கொண்டு விற்றுவிடுங்கள்.

எடிட்டர் பற்றிக் கேட்டீர்கள். ஆட்டத்துக்குள் திறக்கிற எடிட்டரைத் தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டும், உச்ச எண் எல்லாம் பச்சையாகத் தெரியும், அப்புறம் தேடுவதில் என்ன இருக்கிறது என்று நான் வாங்கவில்லை. என் மச்சான் வாங்கியிருக்கிறான். நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் ஒன்று ஓடுகிறது, அவன் தன் தனி ஆட்டத்தில் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து இங்கே வாங்குகிறான். அந்த மைனஸ் எண் விஷயத்தை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.