செராமிக் பிராக்கெட் (பல் வரிசையைச் சீராக்கப் பல்மேல் ஒட்டும், கம்பியைத் தாங்கும் சிறு பிடி) போட்டால் பல்லை நகர்த்தும் விசை குறையுமா?

குறையலாம், குறிப்பாகப் பல் பிடுங்கிய இடைவெளியை மூடும் கட்டத்தில். பல்லை இழுப்பது கம்பியும் ஸ்பிரிங்கும்தான். ஆனால் பிராக்கெட்டின் பள்ளத்தில் (பெரும்பாலும் 0.022 அங்குலம்) கம்பி வழுக்கிச் செல்ல வேண்டும். அங்கே உராய்வு கூடினால் விசையில் ஒரு பகுதி பல்லை எட்டாமலே வீணாகும். எஃகுப் பள்ளம் வழவழப்பானது. அலுமினா செராமிக் சொரசொரப்பானது. அதைவிட மென்மையான கம்பியை அதன் விளிம்பு கீறிவிடும். இதை ஈடுகட்ட விசையைக் கூட்டினால், பிடிமானமாக நிற்க வேண்டிய கடைவாய்ப்பல்லும் முன்னே வந்துவிடலாம். இதுதான் உண்மையான கவலை. பள்ளத்தில் உலோகம் பதித்த செராமிக் இதைக் கணிசமாகத் தணிக்கிறது.

வெறும் பிளாஸ்டிக்கைத் தவிர்த்துவிடுங்கள். வேரைத் திருப்பக் கம்பியை முறுக்கும்போது பள்ளமே நெகிழ்ந்து விரிந்துவிடும். இடைவெளி பெரிதாக இருந்தால் என் தேர்வு எஃகுதான்.