டெஸ்டர் 12 பேர் கிடைக்கவில்லை, புரோக்கர் கிடைத்துவிட்டார்

கேள்வி: கோடை விடுமுறையில் பொழுதுபோக்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலி எழுதினேன். எந்தப் புத்தகத்தை யாருக்கு இரவல் கொடுத்தோம், எப்போது திரும்பக் கேட்க வேண்டும் என்று குறித்துவைக்கும் செயலி. என்னைப் போலவே நிரல் எழுதும் நண்பர்கள் கோடையில் செய்ததைக் காட்டி, இலையுதிர்காலத்தில் அடுத்து என்ன என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அக்டோபர் முடிவதற்குள் இதை ப்ளே ஸ்டோரில் ஏற்ற வேண்டும் என்பது என் திட்டம். ஆனால் 12 டெஸ்டர்கள், அதாவது செயலியை முன்கூட்டியே பயன்படுத்திப் பார்ப்பவர்கள், 14 நாள் இருந்தால்தான் வெளியிட முடியுமாம். இதற்கிடையில் ஒருவர், தன்னிடம் பழைய டெவலப்பர் கணக்கு இருக்கிறது, கட்டணம் கொடுத்தால் இரண்டே நாளில் ஏற்றித் தருகிறேன் என்கிறார். பார்ப்பதற்கு ஏபிகே, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, கேட்டார், அனுப்பிவிட்டேன். பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணம் போவது இதில் சின்ன நஷ்டம்தான். செயலி யார் கணக்கில் ஏறுகிறதோ, கூகுளைப் பொறுத்தவரை அது அவருடையது. வீட்டைக் கட்டியவர் நீங்கள், பத்திரம் அவர் பெயரில் என்ற கதை. நாளைக்கு உங்கள் செயலிக்குள் அவர் விளம்பரம் திணிக்கலாம், வேறொருவருக்கு விற்கலாம், போனை எடுக்காமல் இருக்கலாம். செயலியை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வழி உண்டு. ஆனால் அந்தக் கோரிக்கையை அவர்தான் தன் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். உங்களை மாதிரி எத்தனையோ பேரின் செயலிகளை அவர் அந்த ஒரே கணக்கில் ஏற்றியிருப்பார். அதில் ஒன்றில் வில்லங்கம் என்று கணக்கை முடக்கினால், உங்கள் புத்தகச் செயலியும் சேர்ந்தே போகும்.

இதைவிட அவசரமான ஒன்று உங்கள் கேள்வியின் கடைசியில் இருக்கிறது. ஏபிகே அனுப்பிவிட்டேன் என்கிறீர்கள். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலிக்கும் பேக்கேஜ் பெயர் என்று ஒன்று உண்டு. ப்ராஜெக்ட்டில் அப்ளிகேஷன் ஐடி என்று இருக்கும். ப்ளே ஸ்டோரில் ஒரு பேக்கேஜ் பெயர் ஒருவருக்குத்தான். முதலில் ஏற்றியவருக்கு அது போய்விடும், பிறகு மாற்றவும் முடியாது. உங்கள் ஏபிகே-யைப் பிரித்து, செயலி யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தாகத் தன்னுடையதைப் போட்டு, அதே பெயரில் அவர் முந்திக்கொண்டால் நீங்கள் வேறு பெயர் தேட வேண்டியதுதான். அவர் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. செய்ய முடியும் என்பதே போதும். எனவே முதல் வேலையாக உங்கள் சொந்தக் கணக்கைத் திறந்து, செயலியின் முதல் பதிப்பை, உங்களுக்கு நெருக்கமான சிலர் மட்டும் பார்க்கும் இன்டர்னல் டெஸ்டிங் பகுதியிலாவது ஏற்றிவிடுங்கள். பெயர் உங்களுடையதாகிவிடும். ஏற்றும் முன் அந்தப் பெயரை ஒருமுறை பாருங்கள். பயிற்சி வீடியோ பார்த்து எழுதிய செயலிகளில் பாதி, காம்.எக்ஸாம்பிள் என்று தொடங்கும் பெயரோடுதான் இருக்கும். அதை ப்ளே ஸ்டோர் ஏற்காது.

கணக்குக்கு ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்ட வேண்டும். அடையாளச் சான்று கேட்பார்கள், கையில் நிஜமான ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா என்றும் சரிபார்ப்பார்கள். இந்த வேலையைச் செய்து தருகிறேன் என்று கட்டணம் கேட்பவர்களும் உண்டு. படிவத்தில் உங்கள் பெயரை நீங்களே எழுத ஒருவருக்குக் கூலியா?

இப்போது அந்த 12 பேர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளுக்கு மட்டும்தான் இந்த விதி. முதலில் 20 பேர் என்று வைத்தார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். 2023 நவம்பர் 13-க்கு முன்பே கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இது கிடையாது. உங்கள் புரோக்கர் “பழைய கணக்கு” என்று பெருமையாகச் சொல்வதன் ரகசியம் அவ்வளவுதான். தரமில்லாத செயலிகளைத் தடுப்பதற்காம் விதி. நடந்தது என்ன? பழைய கணக்குக்கு வாடகைச் சந்தை, டெஸ்டர்களுக்குக் கூலிச் சந்தை என்று இரண்டு புதிய தொழில்கள் பிறந்தன. வீட்டில் உட்கார்ந்து ஆசைக்கு ஒரு செயலி எழுதியவர்தான் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்.

விதி கடினமில்லை, எண்ணிக்கையில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். முதலாவது, இன்டர்னல் டெஸ்டிங் கணக்கில் வராது. நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் சேரும் குளோஸ்டு டெஸ்டிங் என்ற பகுதியில்தான் சோதனை நடக்க வேண்டும். மாதக்கணக்கில் இன்டர்னலில் வைத்துக்கொண்டு “வெளியிட விண்ணப்பிக்கும் பொத்தான் ஏன் இன்னும் திறக்கவில்லை” என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். மின்னஞ்சல் பட்டியலில் 12 முகவரிகள் இருப்பதால் 12 டெஸ்டர்கள் ஆகிவிடாது. செயலியை ஏற்றி நிர்வகிக்கும் ப்ளே கன்சோல் தளம் ஓர் இணைப்பு தரும். அதை நீங்கள் அனுப்ப வேண்டும். அவர் அதைத் திறக்க வேண்டும், எந்த கூகுள் முகவரியைப் பட்டியலில் சேர்த்தீர்களோ அதே முகவரியோடு திறக்க வேண்டும், டெஸ்டராக ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்த வேண்டும், பிறகு ப்ளே ஸ்டோரிலிருந்தே செயலியை நிறுவ வேண்டும். பலரின் போனில் இரண்டு மூன்று கூகுள் கணக்குகள் இருக்கும். நீங்கள் சேர்த்தது ஒன்று, அவர் திறந்தது இன்னொன்று. “செயலி கிடைக்கவில்லை” என்று திரையில் வரும். உங்களுக்குச் சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிடுவார். ஆகவே ஒவ்வொருவரிடமும் அவர் போனில் செயலி திறந்திருக்கும் படத்தை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தொந்தரவுதான், வேறு வழியில்லை.

14 நாளும் தொடர்ந்து 12 பேர் இருக்க வேண்டும் என்பது மூன்றாவது. பத்தாம் நாள் ஒருவர் விலகிவிட்டால் பதினொன்று. அவருக்குப் பதிலாக வருபவர் தன் 14 நாளைப் புதிதாகத் தொடங்க வேண்டும். சரியாகப் பன்னிரண்டு பேரை வைத்துத் தொடங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. பதினாறு, பதினெட்டுப் பேரைச் சேருங்கள்.

யாரைச் சேர்ப்பது? உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. கோடையில் எழுதியதைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த நண்பர்கள்தான். அவர்களில் ஆண்ட்ராய்டு செயலி எழுதிய எல்லோருக்கும் இதே தலைவலி இருக்கும். நீங்கள் அவர்களுடையதைச் சோதியுங்கள், அவர்கள் உங்களுடையதை. முகம் தெரிந்தவர்களுக்குள் இது நல்ல ஏற்பாடு. முகம் தெரியாத நூறு பேர் “என்னுடையதை நிறுவு, உன்னுடையதை நிறுவுகிறேன்” என்று மாற்றிக்கொள்வது வேறு சங்கதி. யார் யாரோ எழுதிய செயலிகள் இரண்டு வாரம் உங்கள் போனில் இருக்கும், அவர்களோ மூன்றாம் நாளே உங்களுடையதை நீக்கியிருப்பார்கள்.

கூலிக்கு டெஸ்டர் தருபவர்களிடம் போனால் எண்ணிக்கை நிறையும், அடுத்த படியில் சிக்கல் வரும். 14 நாள் முடிந்ததும் வெளியீட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கேள்விகள் இருக்கும்: டெஸ்டர்களை எப்படிச் சேர்த்தீர்கள், என்ன கருத்துச் சொன்னார்கள், அதை வைத்து எதை மாற்றினீர்கள். கூலிக்கு வந்தவர் என்ன கருத்துச் சொல்லியிருப்பார்? உங்கள் நண்பர், “இரவல் கொடுத்த தேதியை மாற்றினால் நினைவூட்டல் பழைய தேதியிலேயே வருகிறது” என்பார். அதைத் திருத்தி, சோதனை நடக்கும்போதே புதிய பதிப்பை ஏற்றுங்கள். விண்ணப்பத்தில் எழுத விஷயம் கிடைக்கும். பதில் வர வழக்கமாக ஒரு வாரத்துக்குள் ஆகும்.

“நிறுவனக் கணக்காகத் திறந்துவிடு, 12 பேர் தொல்லையே கிடையாது” என்று யாராவது சொல்லியிருப்பார்கள், இல்லையென்றால் சொல்வார்கள். விதிவிலக்கு உண்மைதான், நிறுவனக் கணக்குகளுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் அதற்கு டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற வணிகத் தகவல் நிறுவனம் தரும் டன்ஸ் எண் வேண்டும். அந்த எண் நிஜமாகவே இருக்கும் ஓர் அமைப்புக்குத்தான் கிடைக்கும். விண்ணப்பத்தில் கொடுக்கும் பெயரும் முகவரியும் அந்த எண்ணோடு பதிவான பெயரோடும் முகவரியோடும் பொருந்த வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் திரும்பி வரும். அப்புறம் அமைப்பின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ப்ளே ஸ்டோரில் எல்லோர் கண்ணிலும் படும். ஒரு புத்தகச் செயலிக்காகப் பெயரளவில் ஒரு நிறுவனம் பதிவு செய்து, அதற்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்டி... வேண்டாம். இதற்கும் “டன்ஸ் எண் வாங்கித் தருகிறோம்” என்று காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது இலவசமாகவே கிடைப்பது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று: நீங்கள் எழுதியது கடன், முதலீடு போன்ற பணச் சேவைக்கானது என்றாலோ, மருத்துவச் செயலி என்றாலோ, விபிஎன் என்றாலோ, நிறுவனக் கணக்குத்தான் கட்டாயம். நண்பர்கள் யாராவது கோடையில் அப்படி எழுதியிருந்தால், 12 பேரைத் திரட்டும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் புத்தகங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கோடையில் எழுதி இலையுதிர்காலத்தில் ஏற்றுபவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31 வாக்கில் ப்ளே ஸ்டோர் தன் அளவுகோலை ஒரு படி உயர்த்தும். செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காக எழுதப்பட்டது என்று சொல்லும் டார்கெட் ஏபிஐ என்ற எண் அது. 2024-இல் ஆண்ட்ராய்டு 14-க்கான 34, 2025-இல் ஆண்ட்ராய்டு 15-க்கான 35. ஜூனில் பழைய பாடத்தைப் பார்த்து ஒரு எண்ணைப் போட்டிருப்பீர்கள், செப்டம்பரில் ஏற்றினால் செல்லாது என்று வரும். எண்ணை மாற்றுவது ஒரு வரி வேலை. மாற்றியதும் திரையின் மேல்விளிம்பில் எழுத்துகள் போனின் கடிகாரத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். 35-இல் செயலி திரை முழுவதையும் நிரப்பியாக வேண்டும் என்ற மாற்றம் வந்ததால் அப்படி. நாள் கணக்குப் போடும்போது இதற்கும் ஒரு வாரக்கடைசியை ஒதுக்குங்கள். தனியுரிமைக் கொள்கைப் பக்கமும் வேண்டும். செயலி எந்தத் தகவலையும் எடுக்காவிட்டாலும் “எடுக்கவில்லை” என்று எழுதிய பக்கம் ஒன்று இருக்க வேண்டும். அதை நாலு வரியில் நீங்களே எழுதலாம்.

தனிநபர் கணக்கில் உங்கள் சட்டப்பூர்வப் பெயரும் நாடும் மின்னஞ்சலும் செயலிப் பக்கத்தில் தெரியும். செயலிக்குக் கட்டணம் வைத்தால் முழு முகவரியும் தெரியும். “வருகிற காசு வரட்டும்” என்று விலை வைக்கும் முன் இதை யோசியுங்கள்.

நண்பர்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் ப்ளே ஸ்டோர் அவசியமே இல்லை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ரிலீஸ் பகுதியில் ஏபிகே-யை வைக்கலாம். மூலநிரலைத் திறந்த உரிமத்தில் தரத் தயார் என்றால் எஃப்-டிராய்டு என்ற திறந்தநிரல் செயலிக் கடைக்கு அனுப்பலாம். அவர்கள் உங்கள் நிரலிலிருந்து தாங்களே செயலியைக் கட்டி வெளியிடுவார்கள், கட்டணம் இல்லை. இந்தப் பக்கக் கதவையும் கூகுள் இறுக்கிக்கொண்டுதான் வருகிறது. 2026 செப்டம்பர் முதல் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில், ப்ளே ஸ்டோருக்கு வெளியே நிறுவும் செயலிக்கும் டெவலப்பர் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். மற்ற நாடுகளுக்கு 2027-இலிருந்து. ஐபோன் பக்கம் போனால் ஆண்டுக்கு 99 டாலர், அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை.

கணக்கைத் திறந்த சில நாளில் உங்களுக்கு வேறு விதமான ஒரு கடிதம் வரும். “உங்கள் டெவலப்பர் கணக்கை மாத வாடகைக்குத் தருகிறீர்களா, விலைக்குத் தருகிறீர்களா?” உங்கள் புரோக்கரின் மறுபக்கம் இது. அடையாளச் சான்று உங்களுடையது, பெயர் உங்களுடையது, அவர் ஏற்றப்போவது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. பதிலே போடாதீர்கள்.

12 பேர் விதியைப் போல வெறும் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அக்டோபரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014-இல் தொடங்கிய, திறந்தநிரல் திட்டங்களுக்கு உதவ அழைக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஒரு காலம் இருந்தது. 2020-இல் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் அனுப்ப, திட்டங்களை நடத்துபவர்கள் கொதித்துப்போனார்கள். சில நாளிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. கூகுளில் இருப்பவர்கள் இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டார்களா என்ன.

உங்கள் நாள் கணக்கு இப்படி வரும். செப்டம்பர் முதல் வாரத்தில் கணக்கும் அடையாளச் சரிபார்ப்பும், இரண்டாம் வாரத்தில் டார்கெட் எண் வேலை, மூன்றாவதில் எல்லோரையும் சேர்த்துச் சோதனை தொடக்கம். அக்டோபர் முதல் வாரத்தில் 14 நாள் முடியும். விண்ணப்பம், பதில், ஒருமுறை திருப்பி அனுப்பினால் மறுபடி ஒரு சுற்று என்று வைத்தாலும் மாத முடிவுக்குள் முடிய வாய்ப்பு உண்டு. அதுவரை புதிய வசதி எதையும் சேர்க்காதீர்கள், டெஸ்டர்கள் சொன்ன பிழைகளை மட்டும் திருத்துங்கள். புத்தக அட்டையைப் படம் பிடித்துச் சேர்க்கும் யோசனையெல்லாம் நவம்பருக்கு.

கடைசியாக, அந்த ஆளுக்கு என்ன அனுப்பினீர்கள் என்று உங்கள் மின்னஞ்சலில் மறுபடி பாருங்கள். வெறும் ஏபிகே என்றால், செயலியில் உங்கள் டிஜிட்டல் கையெழுத்தைப் போடும் சாவி அதில் இருக்காது. ப்ராஜெக்ட் கோப்புறை முழுவதையும் சுருக்கி அனுப்பியிருந்தால், அதற்குள் அந்தச் சாவி இருக்கும், ஜேகேஎஸ் என்று முடியும் கீஸ்டோர் கோப்பு இருக்கிறதா, செயலியைக் கட்டும் அமைப்புகள் உள்ள கிரேடில் கோப்பில் அதன் கடவுச்சொல்லை எழுதிவைத்திருக்கிறீர்களா என்று தேடுங்கள். இருந்தால் அந்தச் சாவியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். இன்னும் எங்கும் ஏற்றவில்லை என்பதால் இதற்கு ஐந்து நிமிடம் போதும்.