லித்தியம் சாப்பிடும் தம்பி பழனிக்கு நடக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. போன ஐப்பசியில் பத்து நாள் சரியாகத் தூங்கவே இல்லை. ஓயாத பேச்சு. கடன் வாங்கி நான்கு தையல் மிஷின் வாங்கிவிட்டான். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பைபோலார் (மனம் ஒரு சமயம் மிதமிஞ்சிப் பரபரப்பதும், ஒரு சமயம் சோர்ந்துபோவதுமான நோய்) என்று சொல்லி மூன்று வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது லித்தியமும் ஓலான்ஸபினும் சாப்பிடுகிறான். மாதம் ஒருமுறை ஓபிக்குப் போகிறோம். டாக்டர் ‘தூங்குறியா, சாப்பிடுறியா’ என்று கேட்டு அதே மாத்திரையை எழுதித் தருகிறார். ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. இந்த வைத்தியம் போதுமா? ‘நான் நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை’ என்கிறான். பங்குனி உத்திரத்துக்கு ஊர்க்காரர்களோடு பழனிக்கு நடந்தே போவேன் என்று பிடிவாதம். மாத்திரையை ரசத்தில் பொடித்துப் போடலாமா என்று அம்மா கேட்கிறார். என்ன செய்யட்டும்? – ஓர் அக்கா, காங்கேயம் அருகே

பதில்: பழனியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நாள் குறித்திருக்கிறது.

லித்தியம் ஒரு வகை உப்பு. நாம் சாப்பிடும் சோற்று உப்பை எப்படிச் சிறுநீரகம் வெளியேற்றுகிறதோ, கிட்டத்தட்ட அதே வழியில்தான் லித்தியத்தையும் வெளியேற்றுகிறது. வெயிலில் நடந்து வியர்வை கொட்டும்போது உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைகின்றன. உடனே சிறுநீரகம் உப்பை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். சாப்பிடும் மாத்திரை அதேதான், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது கால் வலி. நடைபயணத்தில் யாராவது ஒருவர் பையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ இருக்கும், இல்லையென்றால் வழியில் மெடிக்கல் கடையில் ‘வலி மாத்திரை’ என்று கேட்டால் அதைத்தான் கொடுப்பார்கள். இந்த வகை மாத்திரைகள் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கின்றன. வியர்வையோடு இதுவும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. வலிக்கு அவர் போடக்கூடியது பாரசிட்டமால்.

மூன்றாவது தூக்கம். வெயிலுக்குப் பயந்து பக்தர்கள் இரவில் நடப்பார்கள், பகலில் பந்தலில் கண்ணயர்வார்கள். நமக்கு இது அலுப்பு, அவ்வளவுதான். பைபோலார் உள்ளவருக்குத் தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூக்கம் கெடுவது மேனியாவை (ஐப்பசியில் வந்தது போன்ற மிதமிஞ்சிய பரபரப்பை) திரும்ப வரவழைக்கும் காரணங்களில் முக்கியமானது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அரை வருடம்கூட ஆகாத நிலையில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டாம்.

அதனால் என் கருத்து இது. இந்த வருடம் அவர் பஸ்ஸில் போகட்டும். காலை வெயில் ஏறுவதற்குள் படியேறி முருகனைப் பார்த்துவிட்டு, இரவு வீட்டில் வந்து தூங்கட்டும். ‘உனக்கு நோய், நீ போகக் கூடாது’ என்று சொல்லாதீர்கள். அடுத்த வருடம் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடப்பதற்கு இந்த வருடம் உடம்பைத் தயார் செய்கிறோம் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. விரதம் இருந்தாலும் தண்ணீர் குடிப்பதை விடக் கூடாது, திடீரென்று உப்பில்லாச் சாப்பாட்டுக்கும் மாறக் கூடாது.

சரி, இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ரத்தப் பரிசோதனை என்ற சொல்லே இல்லை. நீங்கள் எழுத மறந்திருக்கலாம். எடுக்கவே இல்லை என்றால், அடுத்த ஓபியில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தூரம் குறைவு. தொடர் சிகிச்சையில் இருப்பவருக்கு லேப் ரிப்போர்ட்டில் பொதுவாக 0.6 முதல் 0.8 வரை இருக்க வேண்டும். சிலருக்கு டாக்டர் 1.0 வரை வைத்திருப்பார். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். மருந்தைத் தொடங்கும்போதும், அதன் அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் பார்க்க வேண்டும். நிலைப்பட்ட பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கூடவே கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), தைராய்டு, கால்சியம் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். லித்தியம் நாளடைவில் தைராய்டையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் சமாளிக்கலாம்.

ரத்தம் கொடுப்பதில் நிறையப் பேர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டால் காலை ஒன்பதுக்கு. அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட வேண்டும். முன்பே சாப்பிட்டுவிட்டுப் போனால் அளவு அதிகமாகக் காட்டும், டாக்டரும் அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடுவார்.

ஓலான்ஸபினுக்கு எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும். இந்த மாத்திரையில் பசி தாறுமாறாக ஏறும். ‘ஒடம்பு தேறிட்டான்’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். மூன்று மாதத்தில் ஏழெட்டுக் கிலோ ஏறியிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று வழி உண்டு.

இனி, ஐந்து நிமிடம் போதுமா என்ற கேள்வி. நூறு பேர் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஓபியில் டாக்டரால் கூடுதல் நேரம் கொடுக்க முடியாது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் முந்தைய முப்பது நாளும் அவர் மேஜைக்கு வந்துவிட வேண்டும். ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். தினமும் ஒரு வரி: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், மாத்திரை சாப்பிட்டாரா, மனசு எப்படி இருந்தது. மனசுக்கு ஓர் எண் போட்டால் போதும். பூஜ்யம் என்றால் சாதாரணம். சோர்வு என்றால் கழித்தல் ஒன்று, இரண்டு; பரபரப்பு என்றால் கூட்டல் ஒன்று, இரண்டு. இதை எழுத வேண்டியவர் தம்பி. நீங்கள் எழுதினால் அது அவரை வேவு பார்க்கும் நோட்டாகிவிடும். இந்த நோட்டு இருந்தால் டாக்டர் ஒரு பார்வையில் மாதத்தைப் படித்துவிடுவார். நான் முதலில் பார்ப்பது தூங்கிய நேரத்தைத்தான். மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல் உற்சாகமாக எழுந்த நாள் அதில் இருந்தால், அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே வாருங்கள் என்பேன்.

சோர்வையும் கவனியுங்கள். மேனியா அடங்கியதும் பலருக்கு மனச்சோர்வு வரும். யாரிடமும் பேசாமல் படுத்துக் கிடப்பார்கள், வாங்கிய கடனை நினைத்துக் கூசிப்போவார்கள். வீட்டில் ‘மாத்திரைதான் மந்தமாக்கிவிட்டது’ என்று நினைத்துவிடுகிறோம். சில நேரம் மாத்திரையாகவும் இருக்கலாம், ஆனால் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அவருக்குத் தெரியாமல் வேறு இடத்தில் டிப்ரஷனுக்கு மட்டும் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பைபோலாரில் அது மேனியாவைக் கிளப்பிவிடலாம்.

ஓபி என்றால் மாத்திரைச் சீட்டு மட்டுமல்ல. அங்கே மருத்துவ உளவியலாளரோ மனநல சமூகப் பணியாளரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். ஸ்பெயினில் பார்சிலோனா குழு ஒன்று 2003-இல் வெளியிட்ட ஆய்வில் பைபோலார் உள்ள 120 பேர் பங்கெடுத்தார்கள். எல்லோரும் மாத்திரை சாப்பிட்டவர்கள்தான். பாதிப் பேருக்கு நோயைப் பற்றியும் அதன் முன்னறிகுறிகளைப் பற்றியும் 21 வகுப்புகள் நடத்தினார்கள். மீதிப் பேர் வெறுமனே கூடிப் பேசினார்கள். இரண்டு வருடம் கவனித்ததில் வகுப்புக்கு வந்தவர்களுக்கு நோய் திரும்புவது தெளிவாகக் குறைந்திருந்தது. உங்கள் ஊரில் 21 வகுப்பு கிடைக்காது. நான்கு முறை உட்கார்ந்து பேசினாலும் வித்தியாசம் தெரியும்.

திருப்பூர் வரை அலைவது சிரமமாக இருந்தால், மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறது. உங்கள் பக்கம் எந்த நாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள், மருந்தும் அங்கே இலவசம். வேலையில் நைட் ஷிஃப்ட் இருந்தால் ‘பகல் வேலை தர வேண்டுகிறேன்’ என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் பெயரை அதில் எழுதத் தேவையில்லை.

அம்மாவிடம் ரசம் வேண்டாம் என்று சொல்லுங்கள். மகன் மேல் உள்ள பயத்தில்தான் கேட்கிறார், புரிகிறது. ஆனால் லித்தியம் சாப்பிடுவது தெரியாதவருக்கு வாந்தி பேதி வந்தால் நிறுத்தவும் தெரியாது, வலி மாத்திரையைத் தவிர்க்கவும் தெரியாது. ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் அதன் பிறகு அந்த வீட்டுச் சாப்பாட்டையே நம்ப மாட்டார்.

‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று அவர் சொல்வதை மறுக்காதீர்கள். நன்றாகத்தான் இருக்கிறார். என்றைக்குமே நிறுத்த முடியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா இன்னும் வேகமாகத் திரும்பும். நிறுத்துவது என்று முடிவானால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்தப் பேச்சை அவரே டாக்டரிடம் எடுக்கட்டும். ஒருவேளை மாத்திரை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

கை வெளிப்படையாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, தொடர் வாந்தி – இவை வந்தால் லித்தியத்தை அந்த வேளையே நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். மனநல ஓபி நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. சாக வேண்டும் என்று பேசினாலும், இரண்டு இரவு தூக்கமே இல்லாமல் ஆவேசம் ஏறினாலும், சாப்பாட்டையும் மாத்திரையையும் தள்ளினாலும் அது ஓபியில் பார்க்கும் நிலைமை இல்லை, சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நடு இரவில் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு.

அப்புறம், அவர் தெளிவாக இருக்கும் இந்த மாதங்களிலேயே ஒரு வேலை முடித்துவிடுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தன்னால் முடிவெடுக்க முடியாத நேரத்தில் தனக்காக யார் பேச வேண்டும் என்று அவரே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். எந்த அறிகுறி வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், ஏடிஎம் கார்டை யார் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் வீட்டளவில் இன்னொரு தாளில் எழுதலாம். ஐப்பசியில் முதலில் எது மாறியது என்று அவரிடமே கேளுங்கள். தையல் மிஷினுக்கு முன்னால் என்ன நடந்தது என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.