12 ஆட்டம், 11 புள்ளி: கோச்சை மாற்றலாமா?

கேள்வி: நான் ஆதரிக்கும் கால்பந்து அணி போன சீசனில் ஆறாம் இடம். இந்த சீசனில் 12 ஆட்டம் முடிந்து 11 புள்ளிதான். கோச்சைத் தூக்கியே ஆக வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. ஒரு தலைமைப் பயிற்சியாளரின் தரத்தை ஒரு சாதாரண ரசிகன் எதை வைத்து எடை போடுவது?

பதில்: 11 புள்ளி கவலைப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் அது கிளப்பின் கணக்கு. கோச்சின் பங்கை அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். இதே வீரர்களை ஒரு சுமாரான கோச்சிடம் கொடுத்திருந்தால் இந்நேரம் எத்தனை புள்ளி இருக்கும்? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நேரடி விடை கிடையாது. சுற்றி வளைத்துத்தான் நெருங்க முடியும்.

முதலில் சம்பளம். பல சீசன்களைச் சேர்த்துப் பார்த்தால், கிளப்புகள் வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பள வரிசையும் புள்ளிப் பட்டியல் வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போகும். உங்கள் கிளப் சம்பளத்தில் 12-ஆவது என்றால், போன சீசனின் ஆறாம் இடம்தான் விதிவிலக்கு. லெஸ்டர் சிட்டியை நினைத்துப் பாருங்கள். 2016-இல் கோச் கிளாடியோ ரனியேரி அவர்களுக்கு இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீகின் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2017 பிப்ரவரியில், தகுதியிறக்கப் பகுதிக்கு (கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும் கடைசி இடங்களுக்கு) ஒரே ஒரு புள்ளி மேலே இருந்தபோது வேலை போய்விட்டது. ஒன்பது மாதத்தில் ஒருவர் மேதையிலிருந்து மக்காகிவிடுவாரா என்ன? நடுக்களத்தைத் தாங்கிய எங்கோலோ கான்டே இடையில் செல்சிக்குப் போய்விட்டார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

அடுத்தது அதிர்ஷ்டம். கால்பந்தில் கோல் அபூர்வம் என்பதால் பத்துப் பன்னிரண்டு ஆட்டத்தில் முடிவுகள் எப்படி வேண்டுமானாலும் புரளும். அதற்குத்தான் எக்ஸ்ஜி (எதிர்பார்க்கப்படும் கோல்) என்ற கணக்கு. ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்த நிலையில் அடிக்கப்பட்டது என்று பார்த்து, அது கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடுவார்கள். ஒரு பெனால்டிக்கு முக்கால் கோலுக்குக் கொஞ்சம் மேலே. 2015 பிப்ரவரியில் யூர்கன் குளோப்பின் டோர்ட்முண்ட் ஜெர்மன் லீகில் கடைசி இடத்தில் கிடந்தது. ஆனால் உருவாக்கிய வாய்ப்புகளையும் விட்டுக்கொடுத்த வாய்ப்புகளையும் எண்ணிப் பார்த்தவர்களுக்கு அது கடைசி இட அணியாகத் தெரியவில்லை. சீசன் முடிவில் ஏழாம் இடம். அதே ஆண்டு அக்டோபரில் லிவர்பூல் அவரை எடுத்துக்கொண்டது. 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இல் பிரீமியர் லீக்.

சரி, இதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற எண்கள். கோச்சின் கைவண்ணம் தெரிய வேண்டுமானால் ஆட்டத்தில் திரும்பத் திரும்ப வருகிற சின்னச் சின்ன தருணங்களைக் கவனிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது கோல் கிக், அதாவது எதிரணி அடித்த பந்து கோல் கோட்டுக்கு வெளியே போனதும் தற்காக்கும் அணி ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதை. கோல்கீப்பர் பந்தை வைக்கிறார். எதிரணியின் மூன்று பேர் பெட்டி ஓரம் வந்து நெருக்குகிறார்கள். பயிற்சி உள்ள அணியில் ஒரு நடுக்கள வீரர் எதிரணி ஃபார்வர்டின் முதுகுக்குப் பின்னால் நழுவி வந்து நிற்பார். அதே நேரம் ஃபுல்பேக் (ஓரத்தில் நிற்கும் தற்காப்பு வீரர்) மேலே ஏறியிருப்பார். முதல் பாஸுக்கு வழி அடைபட்டால் நீளப் பந்து எங்கே விழும் என்று எல்லாருக்கும் தெரியும். தெறித்து வரும் பந்துக்காக மூன்று பேர் முன்கூட்டியே அங்கே நிற்பார்கள். பயிற்சி இல்லாத அணியில் கீப்பர் கையை நீட்டி நீட்டிக் காட்டுவார், நடுத் தற்காப்பில் நிற்கும் இரண்டு சென்டர்பேக்குகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், கடைசியில் பந்து வானத்தில் பறந்து, மூன்று பேருக்கு நடுவே தனியாக நிற்கிற ஸ்ட்ரைக்கரிடம் போகும். முதல் ஆட்டத்தில் இது நடந்தால் பரவாயில்லை. 12-ஆவது ஆட்டத்திலும் அதே கூத்து என்றால் அது கோச்சின் தவறு.

அப்புறம், பந்து பறிபோன உடனே வருகிற ஐந்து விநாடி. பந்தைப் பார்க்காமல் மற்றவர்களைப் பாருங்கள். எல்லாரும் சேர்ந்து பாய்ந்தாலும் திட்டம்தான், எல்லாரும் சேர்ந்து பின்வாங்கினாலும் திட்டம்தான். இரண்டு பேர் பாய்ந்து, மூன்று பேர் திரும்பி ஓடி, நடுவில் பெரிய ஓட்டை விழுந்தால் களத்தில் இரண்டு திட்டம் ஓடுகிறது என்று அர்த்தம். அழகாக ஆடுகிறார்களா, முரட்டுத்தனமாக ஆடுகிறார்களா என்பது ரசனை. அதில் கோச்சின் தரத்தைத் தேடாதீர்கள்.

வீரர்கள் வளர்கிறார்களா என்பதும் முக்கியம். 2024-இல் லிவர்பூலுக்கு வந்த ஆர்னே ஸ்லாட், முந்தைய சீசனில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்த ரயன் கிராவென்பெர்க்கைத் தற்காப்புக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரராக மாற்றினார். புது ஆட்கள் வாங்கியதாகப் பெரிதாக எதுவும் இல்லை. அந்த சீசனில் லீக் பட்டம் கிடைத்தது. அடுத்த சீசனில் பெரும் பணம் செலவழித்து ஆட்கள் வந்த பிறகு, அதே ஸ்லாட் அக்டோபர் முடிவதற்குள் லீகில் வரிசையாக நான்கு ஆட்டங்களில் தோற்றார். இன்றைக்குப் பல கிளப்புகளில் யாரை வாங்குவது என்பதில் கோச்சின் சொல் மட்டும் எடுபடாது. விளையாட்டு இயக்குநர் என்று தனியாக ஒருவர் இருப்பார். உங்கள் அணியில் ஸ்ட்ரைக்கரை விற்றுவிட்டு மாற்று ஆளே எடுக்கவில்லை என்றால், திட்டவேண்டிய ஆள் வேறு.

கோட்டோரம் நின்று கத்துவதையும் செய்தியாளர் கூட்டத்தில் பேசுவதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. கேமராவுக்குப் பிடித்தவை, அவ்வளவுதான். மாற்று வீரர் வந்ததும் கோல் விழுந்தால் புகழ்வதும் விழாவிட்டால் திட்டுவதும்கூட பெரும்பாலும் வீண். 55-ஆவது நிமிடத்தில் எதிரணி ஆட்டத்தை மாற்றினால் இவர் எத்தனை நிமிடத்தில் பதில் வைத்திருக்கிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

"புது கோச் வந்ததும் அணி எழுந்துவிடுகிறதே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். எழும்தான். நெதர்லாந்து முதல் பிரிவில் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை பொருளியலாளர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். கோச்சை மாற்றிய அணிகள் மீண்டன. அதே போன்ற சரிவில் இருந்தும் மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே அளவுக்கு மீண்டன. பள்ளத்தின் அடியில் நிற்கும்போதுதான் கோச்சை மாற்றுகிறார்கள், அங்கிருந்து பாதை பெரும்பாலும் மேலே போவதுதான். அந்த நல்ல பெயர் புதியவருக்குப் போய்ச் சேர்கிறது.

உங்கள் அணிக்கு வருவோம். 12 ஆட்டத்தின் எக்ஸ்ஜியை உங்கள் அணிக்கும் எதிரணிகளுக்கும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். இருபக்கமும் சமமாகவோ உங்கள் பக்கம் சாய்ந்தோ இருந்தால் இன்னும் பத்து ஆட்டம் பொறுக்கலாம். எதிரணிகள் பக்கம் தெளிவாகச் சாய்ந்து, மாதாமாதம் மோசமாகி, கார்னரில் ஒரே மாதிரி கோல் மூன்றாவது முறையும் விழுந்து, போன சீசனில் நன்றாக ஆடிய இளம் வீரர்களும் மங்கிப்போயிருந்தால் நண்பர்கள் சொல்வது சரிதான். அப்போதும் ஒன்றைக் கேளுங்கள்: இவருக்குப் பதில் யார்? பெயர் சொல்லத் தெரியாத கிளப் அவசரத்தில் கையில் கிடைத்தவரை எடுக்கும். அடுத்த நவம்பரில் நீங்கள் இதே கேள்வியை மறுபடி எழுதி அனுப்புவீர்கள்.